பழவேற்காட்டு வானமும் காஜியாபாத் தரையும்

2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் எல்விஎம்-3 ராக்கெட் கிளம்புவதாக அறிவித்திருந்தார்கள். விடியும் முன்பே நண்பனின் பைக்கில் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். லைட் ஹவுஸ் குப்பம் கடற்கரையில் ஃபைபர் படகுகள் எல்லாம் வரிசையாக மணலில் ஏறி நின்றன. நல்ல காற்று, நல்ல கடல், ஒரு படகுகூட இறங்கவில்லை. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது.

படகு நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எங்களைப் போல ராக்கெட் பார்க்க வருகிறவர்கள் அவருக்குப் புதிதில்லை. ஒன்பது அடித்ததும் வடக்கே மரங்களுக்கு மேல் ஆரஞ்சு நிற வெளிச்சம் ஒன்று சத்தமே இல்லாமல் எழுந்தது. ஏவுதளம் அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஒளி உடனே வந்துவிடும். ஒலி வர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நாங்கள் போனைத் தூக்கி வீடியோ எடுத்து முடித்து, அதை இறக்கி, “அவ்ளோதானா” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பிறகுதான் அந்த உறுமல் ஏரி மேல் உருண்டு வந்தது. அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை.

“அதுல இன்னா தம்பி போவுது?”

“இன்டர்நெட் குடுக்குற சாட்டிலைட்டுண்ணே. ஒன்வெப்னு ஒரு கம்பெனி. மொத்தம் முப்பத்தாறு.”

“அப்போ கடல்ல நமக்கு டவர் கெடைக்குமா? பன்னெண்டு பாகம் தாண்டினா இந்தப் போனு பொம்மதான்.”

நான் பொறியியல் படித்தவன். நெட்வொர்க் மென்பொருள்தான் எனக்குச் சோறு போடுகிறது. அவர் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிந்திருக்க வேண்டும். “தெரியலண்ணே” என்றேன். அந்த ‘தெரியல’ கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

முதலில் டவர் ஏன் கிடைப்பதில்லை என்பது. பூமி உருண்டையாக இருப்பதுதான் காரணம். கடலில் மலை, கட்டடம் என்று எந்தத் தடையும் கிடையாது. ஆனாலும் அலையைத் தொடுவானம் மறைத்துவிடும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 4.1 ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். கரையில் 60 மீட்டர் கோபுரத்துக்கு 32 கிலோமீட்டர். படகில் 4 மீட்டர் கம்புக்கு 8 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 40. விசைப்படகுகளில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோவின் எல்லை அநேகமாக இதுதான். படகுக்குப் படகு பேசினால் 16. மடியில் வைத்திருக்கும் செல்போனுக்கு இதைவிடக் குறைவு. அதற்கு அப்பால் பேச வேண்டுமென்றால் கோபுரத்தை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். செயற்கைக்கோள் என்பது அப்படி மிக உயரத்துக்குத் தூக்கிவிட்ட ஒரு கோபுரம், அவ்வளவுதான்.

இப்படித்தான் நாமெல்லாம் நினைக்கிறோம். சாட்டிலைட் போன் என்றால் போனும் சாட்டிலைட்டும், வேறென்ன? சினிமாவிலும் அப்படித்தான், பாலைவனத்தில் நிற்கிற கதாநாயகன் தடித்த ஆன்டெனாவை விரித்து நேராக வானத்தோடு பேசுவான். மூன்றாவதாக ஒரு பொருள் இருப்பதை யாரும் காட்டுவதில்லை. கரையில் இருக்கும் மனைவியின் சாதாரண செல்போனோடு கடலில் இருப்பவர் பேச வேண்டுமானால், வானத்துக்குப் போன குரல் எங்கோ ஓரிடத்தில் தரையில் இறங்கி, அங்கிருந்து நாட்டின் தொலைபேசி வலைக்குள் நுழைய வேண்டும். அந்த இடத்தில் பெரிய வட்டில் ஆன்டெனாக்கள், அழைப்புகளை மாற்றிவிடும் இயந்திரங்கள், யார் பணம் கட்டினார் என்று பார்க்கும் கணினிகள், தேவைப்பட்டால் ஒட்டுக்கேட்கும் வசதி, எல்லாம் இருக்கும். கேட்வே என்பார்கள். தரைநிலையம் என்றே நான் எழுதுகிறேன்.

இந்தியாவின் விண்வெளிக் கதையே தரையில்தான் தொடங்குகிறது. நமக்கென்று ஒரு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் வருவதற்குப் பதினான்கு வருடம் முன்பே, 1967இல், அகமதாபாத்தில் சோதனைத் தரைநிலையம் வந்துவிட்டது. 1971இல் புனேக்கு அருகே ஆர்வியில் இன்னொன்று. அதற்குப் பிறகு விக்ரம் சாராபாயின் பெயரை வைத்தார்கள். அடுத்தவர்களுடைய செயற்கைக்கோளில் பேசுவதற்கு நம் காது, நம் மண்ணில். ஆப்பிள் செயற்கைக்கோள் 1981இல்தான் பறந்தது, அதுவும் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில்.

சாராபாய் காலத்துத் திட்டமிடலின் இன்னொரு முனைதான் ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல் தீவு. 1969இல் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கே திறந்த கடல், பூமத்திய ரேகைக்கு ஓரளவு பக்கம், மக்கள் குறைவு என்பவை காரணங்கள். ‘மக்கள் குறைவு’ என்பதை நான் எப்போதும் இரண்டு முறை படிப்பேன். குறைவாக இருந்தாலும் இருந்தார்கள். யானாதிகள் இருந்தார்கள், மீனவக் குடும்பங்கள் இருந்தன. ஊர்கள் காலியாயின. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் அங்கிருந்து முதன்முதலாகக் கிளம்பியது. அன்று முதல் ஏரியின் தென்முனையில் இருப்பவர்களுக்கு வடக்கு வானம் அரசாங்கத்தினுடையது.

இனி போனுக்கு வருவோம். கடலுக்கான செயற்கைக்கோள் தொடர்பு 1979இல் இன்மார்சாட் என்ற சர்வதேச அமைப்பாகத் தொடங்கியது. கப்பல்களின் பாதுகாப்புதான் அதன் முதல் நோக்கம். அதற்கு வேர் 1912இல் மூழ்கிய டைட்டானிக். அதன் பிறகு 1914இல் கடலில் உயிர்க்காப்புக்கான முதல் உலக உடன்படிக்கை வந்தது. அதன் இன்றைய வடிவம் சர்வதேசப் பயணம் போகும் பயணிகள் கப்பல்களும் 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களும் ஆபத்துக் கால ரேடியோ வசதிகள் வைத்திருந்தே ஆக வேண்டும் என்கிறது. மீன்பிடிப் படகுகள் அந்த விதியில் கிடையாது. உலகக் கடல்களில் அதிகம் சாகிற தொழிலாளிகளில் மீனவர்களும் உண்டு, ஆனாலும் கிடையாது. பழவேற்காட்டின் ஃபைபர் படகு எத்தனை டன் இருக்கும்? நான்கு பேர் சேர்ந்தால் மணலில் தள்ளிவிடலாம்.

கையில் பிடிக்கிற சாட்டிலைட் போனைப் பெரிய கனவாக்கியது இரிடியம். மோட்டோரோலாவின் குழந்தை. பூமியிலிருந்து 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள். 1998 நவம்பர் 1 அன்று சேவை தொடங்கியது. இதில் ஒரு பொறியியல் அழகு இருந்தது: செயற்கைக்கோள்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். வங்கக் கடலில் இருந்து எழும் குரல் ஒரு கோளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி, உலகின் எந்த மூலையிலும் இறங்கலாம். போட்டியாக வந்த குளோபல்ஸ்டார் எளிய வழியில் போனது. அதன் கோள் வெறும் கண்ணாடி. கீழிருந்து வருவதைக் கீழேயே திருப்பும். போனையும் தரைநிலையத்தையும் ஒரே கோள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். இந்தியாவில் தரைநிலையம் இல்லாத குளோபல்ஸ்டார் போன், நம் தலைக்கு மேல் அதன் கோள் போய்க்கொண்டிருந்தாலும் ஊமைதான்.

இரிடியத்துக்குத் தொழில்நுட்பப்படி இந்தியாவில் தரை வேண்டியதில்லை. ஆனால் எந்த அரசாங்கம் ஒத்துக்கொள்ளும்? தன் நாட்டிலிருந்து எழும் பேச்சு தன் நாட்டிலேயே இறங்க வேண்டும் என்பார்கள். அதனால் புனேக்குப் பக்கத்தில் திகியில் இரிடியத்துக்கு ஒரு தரைநிலையம் கட்டப்பட்டது. இந்தியப் பொதுத்துறை நிதி நிறுவனங்களும் அதில் பணம் போட்டிருந்தன. செங்கல் கனத்தில் ஒரு போன், அதன் விலை 3,000 டாலர், நிமிடத்துக்குச் சில டாலர், யார் வாங்குவார்கள்? 1999 ஆகஸ்ட் 13 அன்று, பத்தே மாதத்தில், இரிடியம் திவால். ஏறக்குறைய 500 கோடி டாலர் போட்டு உருவாக்கியதை அடுத்த ஆண்டு இறுதியில் 2.5 கோடி டாலருக்கு விற்றார்கள். புதிய இரிடியத்துக்கு அமெரிக்க ராணுவம் பெரிய வாடிக்கையாளர்; பேச்சு இறங்க அரிசோனாவும் ஹவாயும் போதும். இந்திய முதலீட்டாளர்கள் மோட்டோரோலா ஏமாற்றிவிட்டதாகக் குற்ற வழக்குப் போட்டார்கள். அதைத் தொடர்ந்து நடத்தலாம் என்று 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வானத்தில் 66 கோள்களும் ஒன்றும் நடக்காதது மாதிரி நூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தன. இந்திய மண்ணுக்கும் அவற்றுக்கும் இருந்த தொடர்புதான் அறுந்துபோனது.

இதன் பிறகு நடந்த எல்லாவற்றையும் புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: குரல் எங்கே இறங்குகிறது? துரயா போனின் குரல் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஷார்ஜாவில் இறங்கும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத்தின் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, அதை ஓட்டியவரையும் கொன்று, கரை வந்து சேர்ந்தார்கள். அந்தப் படகில் ஒரு துரயா போன் கிடைத்தது. துரயாவும் இரிடியமும் உரிமமில்லாமல் இங்கே குற்றம். அதற்குக் காட்டப்படும் சட்டங்கள் 1885இன் தந்திச் சட்டமும் 1933இன் கம்பியில்லாத் தந்திச் சட்டமும். மலையேறப் பையில் சாட்டிலைட் கருவியோடு வரும் வெள்ளைக்காரப் பயணிகள் இன்றும் நம் விமான நிலையங்களில் கைதாகிறார்கள்.

பாதுகாப்புக் காரணத்தை நான் கேலி செய்யவில்லை. குபேர் படகில் செத்தவர்களும் மீனவர்கள். ஆனால் அந்த ஒரு போன், கடலில் போன் வைத்திருப்பவன் யார் என்ற கேள்வியையே மாற்றிவிட்டது. அதற்கு முன் அவன் ஆபத்தில் இருப்பவன். அதற்குப் பின் சந்தேகத்துக்குரியவன்.

அரசாங்கம் தானே ஒரு வழி செய்தது. இன்மார்சாட் செயற்கைக்கோளுக்கு பிஎஸ்என்எல் தன் தரைநிலையத்தை உத்தரப் பிரதேசத்தில், டெல்லியை ஒட்டிய காஜியாபாத்தில் நிறுவியது. எந்தத் திசையில் போனாலும் பல நூறு கிலோமீட்டருக்குக் கடல் இல்லாத ஊர். பொறியாளனாக எனக்கு இதில் புகார் கிடையாது. செயற்கைக்கோள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், தரைநிலையம் எங்கும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழவேற்காட்டுக்குக் கிழக்கே நிற்கும் ஒரு படகிலிருந்து “அலோ” என்றால், அது ஏறக்குறைய 37,000 கிலோமீட்டர் மேலே போய், அதே அளவு கீழே வந்து காஜியாபாத்தில் இறங்க கால் நொடி. அங்கிருந்து கண்ணாடி இழை வழியாகப் பழவேற்காட்டில் உள்ள வீட்டுக்கு. பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. பக்கத்துப் படகிலும் அதே மாதிரி போன் இருந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டால், கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களின் பேச்சு ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்யும்.

இந்தச் சேவை 2017 மே மாதம் தொடங்கியது. முதல் கட்டத்தில் அரசுத் துறைகளுக்கு மட்டும். பேரிடர் மேலாண்மை, காவல்துறை, ரயில்வே, எல்லைப் படை. மற்றவர்களுக்குப் பிறகு, படிப்படியாக.

ஆறு மாதம் கழித்து, நவம்பர் 30 அன்று, கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கி புயல் உருவானது. முந்தின நாள்வரை அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு. எச்சரிக்கை வருவதற்குப் பல நாள் முன்பே தூத்தூர் பகுதி மீனவர்கள் அரபிக் கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தங்குகடல் தொழிலில் இருந்தார்கள். கரைக்குச் செய்தி தெரியும். படகுக்குத் தெரியாது. நடுவில் விஎச்எஃப் எட்டாத கடல். சின்னப் படகுகளும் விசைப்படகுகளுமாகப் போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. காஜியாபாத்தில் அந்த ஆன்டெனாக்கள் அன்றும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. இன்மார்சாட் கைப்போன் பேசும் அலைவரிசையை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை; புயலுக்கு நடுவிலும் வானம் தெரிந்தால் பேசலாம். கருவி இருந்தது, கோள் இருந்தது, தரையும் இருந்தது. பட்டியலில் மீனவர்கள் இல்லை.

ஒக்கிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஆழ்கடல் படகுக் குழுக்களுக்கு மானியத்தில் சாட்டிலைட் போன் கொடுத்தது.

மீனவர்களுக்கு வேறு எதுவுமே இல்லை என்று சொல்வதும் நியாயமில்லை. இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதல் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். ஆனால் அது ஒருவழி. அழுத்தியவருக்கு, தன் குரல் யார் காதிலாவது விழுந்ததா என்று தெரியாது. ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும் இரண்டாம் தலைமுறைக் கருவியை இஸ்ரோ அறிவித்தது 2024 ஜனவரியில். புரண்டு கிடக்கும் படகைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியது என்று எழுதத் தேவையில்லை. ஒரு சாதாரண மென்பொருள் செயலியில்கூட நாங்கள் முதலில் எழுதுவது அந்தப் பதிலைத்தான்.

அடுத்தது ஜிசாட்-6. இதன் கதை தனியாக எழுத வேண்டியது. தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு 2005இல் போட்ட ஒப்பந்தத்துக்காகத் திட்டமிட்ட கோள். 2011இல் ஒப்பந்தம் ரத்து, பிறகு பெரிய வழக்குகள். கோள் மட்டும் 2015 ஆகஸ்ட் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, பழவேற்காட்டுக்காரர்கள் பார்க்கப் பறந்தது. உச்சியில் போய் 6 மீட்டர் அகலத்துக்குக் குடை மாதிரி விரியும் ஆன்டெனா அதில். கையில் இருக்கும் கருவி சின்னதாக இருந்தால் மேலே இருக்கும் காது பெரிதாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. அதன் இரட்டையான ஜிசாட்-6ஏ, ஒக்கி முடிந்து நான்கே மாதத்தில், 2018 மார்ச் 29 அன்று பறந்தது. சில நாளில் தொடர்பு அறுந்து தொலைந்துபோனது. மிச்சமிருக்கும் ஒற்றைக் கோளின் வழியாகத்தான் இப்போது படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர்கள் பேசுகின்றன. 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு விசைப்படகுகளில் அதற்கு முன்பே பொருத்தத் தொடங்கிவிட்டார்கள். செல்போனை ப்ளூடூத்தில் இணைத்தால் தாய்மொழியிலேயே குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். ஜிசாட்-6க்குத் திட்டமிட்ட ஆயுள் 9 ஆண்டுகள் என்பதை மட்டும் இங்கே ஓரமாகச் சொல்லி வைக்கிறேன்.

லைட் ஹவுஸ் குப்பத்து அண்ணனை அதற்குப் பிறகும் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். அவர் மச்சான் காசிமேட்டில் விசைப்படகில் போகிறார். அந்தப் படகில் இந்தக் கருவி இருக்கிறது. “நம்ம எங்க இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க எங்க இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது, அதான் வித்தியாசம்” என்றார் மச்சான். அவர் சொன்னதைக் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன், வீடு திரும்பும் வழியில்தான் அது உறைத்தது. திட்டத்தில் மோட்டார் பொருத்திய சின்னப் படகுகளும் உண்டு என்பதை அண்ணனிடம் சொன்னேன். “வரட்டும்” என்றார். அவர் படகில் அப்போது எதுவும் இல்லை.

இரவில் அவருக்கு வழி சொல்வது இன்னமும் அந்தக் கலங்கரை விளக்கம்தான். பகலில் கரையில் தெரியும் இரண்டு உயரமான அடையாளங்களை ஒன்றன் பின் ஒன்றாக வைத்துப் பார்த்து, தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். கன்னியாகுமரிப் பக்கம் இதைக் கணியம் என்பார்கள். யோசித்தால் தரைநிலையத்தின் ஆதி வடிவம் அது. கடலில் இருப்பவனுக்குத் தன் இடம் தெரிய, நகராத கரை ஒன்று வேண்டும்.

ஏரிக்குள் இன்னொரு ஏற்பாடு உண்டு, பாடு முறை. எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவர் வலை மேல் இன்னொருவர் வலை விழாது. வானத்து அலைவரிசைகளையும் சுற்றுப்பாதை இடங்களையும் உலக நாடுகள் இப்படித்தான் பங்கிடுகின்றன. அண்ணனிடம் இதை விளக்கியபோது அவருக்கு உடனே புரிந்தது. “அந்தப் பாட்டுல நம்ம ஊருக்கு எது?” என்றார். எனக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை.

ஒன்வெப்புக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 23 நள்ளிரவு தாண்டி 36, அந்த மார்ச் ஞாயிறன்று 36, ஆக 72 கோள்கள் அவர் தலைக்கு மேல் போயின. முதல் தலைமுறை ஒன்வெப் கோள்கள் தங்களுக்குள் பேசாது. குளோபல்ஸ்டார் மாதிரி கண்ணாடி வகை. அதனால் தரைநிலையம் இல்லாமல் சேவை இல்லை. குஜராத்தில் மெஹ்சானாவில் ஒன்று கட்டினார்கள். அதைப் பிடிக்கும் கருவியும் கைப்போன் கிடையாது, தனி ஆன்டெனா வேண்டும். ஆக அன்று அண்ணன் கேட்டதற்குச் சரியான பதில், “இல்லண்ணே.”

2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை செயற்கைக்கோள் சேவைகளுக்குப் புதிய பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. தரைநிலையம் இந்தியாவில் இருக்க வேண்டும், தகவல் இந்தியாவிலேயே தங்க வேண்டும் என்பவை எதிர்பார்த்தவைதான். அதில் ‘சிறப்புக் கண்காணிப்பு மண்டலம்’ என்று ஒன்று வருகிறது. நில எல்லையிலிருந்து உள்ளே 50 கிலோமீட்டர். கடல் பக்கம் கரையிலிருந்து 200 கடல் மைல். அதாவது இந்திய மீனவன் தொழில் செய்யும் கடல் கிட்டத்தட்ட முழுவதும். அடுத்த மாதம் ஸ்டார்லிங்குக்கு உரிமம் கிடைத்தபோது செய்திகளில் எல்லாம் கிராமத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றியே பேசினார்கள். கடலைப் பற்றி நான் எங்கும் படிக்கவில்லை.

2025 டிசம்பர் 24 காலை மறுபடி எல்விஎம்-3. இந்த முறை ஒரே ஒரு கோள், அமெரிக்க நிறுவனத்தின் புளூபேர்ட். 6,100 கிலோ, விரிந்தால் 223 சதுர மீட்டர் ஆன்டெனா. அவ்வளவு பெரிய காது எதற்கு என்றால், தனிக் கருவி எதுவும் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கும் சாதாரண செல்போனோடு அது நேரடியாகப் பேசுவதற்கு. நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார்.

“இன்னிக்கும் படகு கரையிலதான் தம்பி. நேத்தே சொல்ட்டாங்க. இன்னிக்குப் போனது இன்னா?”

சொன்னேன். இந்தப் போனே போதும், பேச்சு இறங்க இங்கே ஒரு தரைநிலையம் வேண்டும், அதற்கு டெல்லியில் அனுமதி வேண்டும், அதன் பிறகு ஏதாவது ஒரு கம்பெனி நம் கடலுக்கும் சேவை தர மனது வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“சரி, அது வரும்போது வரட்டும். நாளைக்குக் காத்து எப்பிடினு பாத்துச் சொல்லு.”

கடல் நிலை முன்னறிவிப்புப் பக்கத்தைத் திறந்து, திருவள்ளூர் கரைக்கு அலை உயரமும் காற்றின் திசையும் படித்துச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார்.